புளியந்தீவில் ஒரு பழைய வீடு: உறுதியிலிருந்து ஓடு வரை

மட்டக்களப்பு டவுனுக்குள் பழைய வீடு தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, ஒரு பேர்ச் காணி என்ன விலை போகுது என்றுதான். அதற்கு இங்கே பதில் கிடையாது. ஒழுங்கைக்கு ஒழுங்கை விலை மாறுகிற இடத்தில் நான் ஒரு தொகையைச் சொல்லி, அதைக் கொண்டுபோய் யாராவது பேரம் பேசி ஏமாறுவது எனக்கு வேண்டாம். இது ஒரு குடும்பம் புளியந்தீவில் ஒரு பழைய வீட்டைப் பார்த்து, குழம்பி, கடைசியில் வாங்கிய விவரம். பெயர், வீட்டிலக்கம் எதுவும் போட வேண்டாம் என்றார்கள். சரி. நான் கட்டட வேலை பார்க்கிறவன், சுவரைப் பார்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டார்கள், ஆனால் சுவர் பார்த்த நேரத்தைவிடக் காணி உறுதிப் பத்திரக் கட்டைப் புரட்டிய நேரம்தான் அதிகம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்ப் பழைய வீடு என்றால் அநேகமாகத் தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று கைமாறி வந்த வீடு. அந்த வழியை ஆள் ஆளாகப் பிடித்துப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். சுவர், கூரை, தண்ணீர் எல்லாம் காசு போட்டால் திருத்தலாம்.

யார், ஏன்

மனைவி ஆசிரியை, ஊர் காரைதீவு. கணவனுக்கு வங்கி உத்தியோகம், கனகாலம் கொழும்பில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு இடமாற்றம் எடுத்து வந்தவர். இரண்டு வயதில் ஒரு பிள்ளை. அவர்களுடைய கணக்கு பள்ளிக்கூடக் கணக்கு. புளியந்தீவில் வீடு இருந்தால் புனித மைக்கேல் கல்லூரிக்குப் பிள்ளை நடந்தே போகலாம். முதலாம் வகுப்பு அனுமதியில் வதிவிடத்துக்குப் புள்ளி உண்டு, ஆனால் வாக்காளர் இடாப்பில் முந்திய ஐந்து ஆண்டுகளும் பெயர் இருந்தால்தான் முழுப் புள்ளி. பிள்ளைக்கு நாலரை வயதாகும்போது அவசரப்பட்டு வீடு வாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காசும் போய்ப் புள்ளியும் கிடைக்காது. இவர்களுக்கும் ஐந்து ஆண்டு முழுதாக வராது, ஆனால் பாதிக்கு மேல் வரும், அது தெரிந்தே இறங்கினார்கள்.

எங்கெல்லாம் பார்த்தார்கள்

புளியந்தீவு வாவிக்குள் கிடக்கிற தீவு, கோட்டைமுனையோடு பாலத்தால் இணைந்தது. போர்த்துக்கேயர் 1628 இல் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638 இல் பிடித்தார்கள், 1795 இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது, பிறகு நெடுங்காலம் கச்சேரியே, அதாவது மாவட்ட நிர்வாக அலுவலகமே, அதற்குள்தான் இயங்கியது. கச்சேரிக்கு வேலைக்கு வந்தவர்கள், சட்டத்தரணிகள், பாதிரிமார், வாத்திமார் என்று ஒரு கூட்டம் கோட்டையைச் சுற்றிக் குடியிருந்ததால்தான் மத்திய வீதியிலும் வாவிக்கரை வீதியிலும் அந்த நீண்ட விறாந்தை வீடுகள். ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயிலும் மரியாள் பேராலயமும் நடந்துபோகிற தூரம். நகரத்தின் நடுவில் இருந்துகொண்டே வாவிக்காற்று வாங்கலாம் என்பதுதான் இந்த இடத்தின் விலை.

கோட்டைமுனை வசதியான இடம்தான், ரயில் நிலையம் அந்தப் பக்கம். ஆனால் திருமலை வீதியை ஒட்டிய வளவுகளைக் கடைகள் விழுங்கிக்கொண்டு வருகின்றன. இரண்டு பக்கமும் மாடிக்கடை எழும்பி நடுவில் ஓட்டு வீடு இருந்தால் காற்றும் வராது, மழைத்தண்ணீர் மட்டும் தாராளமாக வரும். தாண்டவன்வெளி எனக்குப் பிடித்த இடம். போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் பரம்பரையாக இருந்த பகுதி, தச்சு வேலையும் இரும்பு வேலையும் அவர்களுடைய கைத்தொழிலாக இருந்தபடியால் கதவு நிலைகளைப் பார்த்தாலே மனம் இளகும். ஆனால் அந்த நேரத்தில் அங்கே விற்பனைக்கு வந்தது ஒன்றுதான், அதுவும் வழக்கில் கிடந்தது. பெரிய உப்போடையும் பார் வீதியும் அமைதி, வாவியோரம், பிறகு சொல்லப் போகிற கரையோர அனுமதிச் சிக்கல். 1924 இல் கட்டிய லேடி மானிங் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போகும், அதனால் பாலத்துக்கு அப்பால் கடற்கரைப் பக்கம் இருக்கிற கல்லடி தூரம் மாதிரித் தெரிந்தது. 2013 இல் புதுப் பாலம் திறந்தபிறகு அந்தப் பேச்சே இல்லை. அங்கே இன்னும் பெரிய வளவு கிடைக்கும். கணவனுக்கு அதில்தான் ஆசை. மனைவி 2004 டிசம்பர் 26 சுனாமியைக் காரைதீவில் பார்த்தவள். கடற்கரைப் பக்கம் வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள், அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

வீடு

வாவிக்கரை வீதிப் பக்கம் ஒரு ஒழுங்கை. 14 பேர்ச் வளவு, முன்னுக்குப் பழைய வீடு, பின்வளவில் இரண்டு அறையும் குசினியுமாகச் சின்னதாக இன்னொரு வீடு. முன்வீட்டில் எண்பது தாண்டிய ஒரு பெத்தா (பாட்டி) தனியாக. பின்வீட்டில் அவவுடைய இளைய மகளும் குடும்பமும். மூத்த மகள் கனடா, மகன் லண்டன். விற்கிறோம் என்று சொன்னது கனடா மகள், வீட்டைக் காட்டியது தரகர், வளவு முழுக்க ஒரே விலை.

விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே மனைவி மெல்லக் கேட்டாள், பெத்தா, உறுதி யாருடைய பேரில் என்று. பெத்தா ஒளிக்கவில்லை.

"மூத்தவளுக்குப் பாதி எழுதிட்டன் புள்ள. மற்றப் பாதி இன்னும் என்ட பேரிலதான் கிடக்கு. சின்னவளுக்குப் பின்வளவு வாயால குடுத்தது, மறுகா எழுதுவம் எண்டு விட்டுட்டன்."

தரகரின் முகம் அப்போது போன போக்கை நான் எழுத விரும்பவில்லை.

உறுதிகள்

மட்டக்களப்பில் முன்னொரு காலத்தில் முக்குவர் சட்டம் என்ற தாய்வழி வழமை இருந்தது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு அது நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் சட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், தாய் தகப்பன் அதே வளவில் பின்னுக்கு ஒதுங்குவார்கள் அல்லது அடுத்த மகளுக்கு வீடு கட்டத் தொடங்குவார்கள். அதனால் ஒரு வளவுக்குள் இரண்டு மூன்று வீடு, ஒரு கிணறு, ஒரு வழி, மூன்று சகோதரிகளின் பேச்சு வார்த்தை. அண்ணன் தம்பி பேசாமல் இருந்தாலும் சட்டப்படி வாரிசுதான். உயிலோ உறுதியோ இல்லாமல் ஒருவர் இறந்தால் பாதி வாழ்க்கைத்துணைக்கு, மிச்சம் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆண் பெண் வித்தியாசமில்லாமல் சமமாக.

யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் தங்கள் ஊர் வழமைச் சட்டமான தேசவழமையை நினைத்துக்கொண்டு இங்கே ஆலோசனை சொல்லுவார்கள், புருசன் கையெழுத்து வேண்டும், பங்காளிக்கு முதல் உரிமை என்று. மட்டக்களப்பாருக்குப் பொதுச் சட்டம்தான். ஆனால் விற்கிறவர் தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணப் பெண் என்றால் புருசனின் சம்மதம் பற்றிச் சட்டத்தரணியிடம் கட்டாயம் கேளுங்கள்.

இந்த வீட்டுக்குக் காணிப் பதிவகத்தில் தேடியபோது வெளிவந்த வரிசை இது. பெத்தாவின் தாய் பெத்தாவுக்கு அறுபதுகளில் எழுதிய சீதன உறுதி. அதில் ஒரு வரி: கிழக்குப் பக்கத்து வளவுக்காரருக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமையும் அதற்குப் போகும் வழியும். கிழக்குப் பக்கத்தில் அப்போது இருந்தது பெத்தாவின் தங்கை. பிறகு 1987 இல் பெத்தா பிரிவிடாத (எல்லை பிரித்து அளக்காத) அரைப் பங்கை மூத்த மகளுக்கு நன்கொடை உறுதியாக எழுதி, தனக்குச் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டிருக்கிறா. அவ்வளவுதான் பதிவு. இளைய மகள் பேரில் ஒரு கடதாசியும் இல்லை.

நன்கொடை உறுதியில் இரண்டு விசயம் பார்க்க வேண்டும். வாங்கியவர் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்து இருக்கிறதா, கொடுத்தவர் திருப்பி எடுக்கும் உரிமையை வைத்துக்கொண்டாரா. ஏற்றுக்கொள்ளாத நன்கொடை செல்லாது. இங்கே கையெழுத்து இருந்தது, திருப்பி எடுக்கும் வாசகம் இல்லை.

கணவன் வங்கிக்காரர், அவருக்கு உடனே விளங்கியது. பிரிவிடாத பங்குக்கு எந்த வங்கியும் இலகுவில் லோன் தராது. கனடாக்காரி தன் அரைப் பங்கைத்தான் விற்க முடியும், அதுவும் தாய் உயிரோடு இருக்கும்வரை தாயின் சீவிய உரித்துக்கு உட்பட்டுத்தான். அப்படி வாங்கினால் அவர் ஒரு வீட்டை வாங்கவில்லை, பங்கு வழக்கு ஒன்றில் ஒரு பக்கத்தை வாங்குகிறார். 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் முடிவு வரும், எப்போது வரும் என்பதுதான் கேள்வி. பிள்ளை அதற்குள் ஓ எல் பரீட்சை எழுதிவிடும்.

இளைய மகள் முப்பது வருசமாகப் பின்வளவில் இருக்கிறாள், அவளுக்கு ஆட்சியுரிமை இருக்காதா என்று யாரோ கேட்டார்கள். பத்து ஆண்டு தடையில்லாத, எதிர்நிலையான (உரிமைக்காரரை ஏற்காமல் தனக்கென்றே நடத்துகிற) ஆட்சி இருந்தால் 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் உரிமை கோரலாம், உண்மைதான். தாய் விட்டதால் இருக்கிற மகளின் ஆட்சி எதிர்நிலையானது இல்லை. இன்னொன்று, போர்க்காலத்தில் ஊரைவிட்டு ஓடியவர்களின் காணியில் மற்றவர்கள் இருந்துகொண்டு ஆட்சியுரிமை பேசிய சம்பவங்கள் கிழக்கில் கொஞ்சமா? அதற்காகவே 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை பாதிக்கப்பட்டவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக்கூடாது என்று. ஆகவே "ஆண்டாண்டு காலமாக நாங்கள்தான் இருக்கிறோம்" என்று சொல்லி விற்கிற வீட்டை, கேட்டவுடன் நம்பிவிட வேண்டாம்.

தரகர் சொன்ன வழி, இளைய மகளை எப்படியாவது எழுப்பிவிட்டு மொத்தமாக எடுப்பது. மனைவி மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த விவகாரத்தில் நல்ல பகுதி. கனடாவோடு வாட்சப்பில் பேசி, முன்வீட்டையும் 9 பேர்ச்சையும் மட்டும் வாங்குவது, பின்வளவு 5 பேர்ச்சும் இளைய மகளுக்கு எழுதப்பட வேண்டும், அது முதலில் நடக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். மூத்தவளுக்கு முதலில் கோபம். அவளுக்கு வரவேண்டிய காசு குறைகிறதே. இளையவள்தான் தாயை இவ்வளவு காலம் பார்த்தவள் என்பதைச் சொந்தக்காரர் ஒருவர் எடுத்துச் சொன்னபிறகு இறங்கி வந்தாள்.

நில அளவையாளர் வந்து அளந்து இரண்டு துண்டாகப் புதுப் பிளான் கீறினார். பின்வளவுக்குப் பத்தடி வழி விட வேண்டியிருந்ததால் முன்வீட்டின் பக்கத்துக் கூரை இறப்பைக் கொஞ்சம் வெட்ட வேண்டி வந்தது. சின்னத் துண்டு பிரிக்கும்போது ஆறு பேர்ச்சுக்குக் குறைந்தால் மாநகர சபை லேசில் அங்கீகரிக்காது. பின்துண்டில் ஏற்கெனவே வீடு நிற்கிறது, குடும்பப் பிரிவினை என்ற விளக்கத்தோடு அந்த அங்கீகாரத்தை எடுக்கத்தான் அதிக மாதம் போனது. கனடா மகள் அங்கே நொத்தாரிசு முன்னிலையில் தனக்காக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் கையெழுத்திட்டு, இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் அத்தாட்சி எடுத்து அனுப்பினாள், அது இங்கே பதியப்பட்டது. லண்டன் மகனுக்குச் சட்டப்படி இன்னும் பங்கில்லை, தாய் உயிரோடு இருக்கிறா. இருந்தாலும் ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி வைத்தார்கள். சட்டத்தில் அதற்குப் பெரிய பெறுமதி இல்லை, குடும்பத்தில் உண்டு.

விற்பனை உறுதியில் பெத்தாவும் மூத்தவளின் அற்றோணியும் விற்பனையாளர்கள், பெத்தா சீவிய உரித்தையும் அதே உறுதியில் விட்டுக்கொடுத்தா. 1840 ஆம் ஆண்டிலிருந்தே காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது சட்டம். பதிவுதான் அதைவிட முக்கியம். இரண்டு பேருக்கு விற்றால் முதலில் பதிந்தவரின் கை ஓங்கும். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். இதைப் பாதீட்டில் போடாமல் வருகிறவர்கள் ஏராளம்.

கிழக்குப் பக்கத்துக் கிணற்றுரிமை? தங்கையின் மகள் அந்த வளவை எப்போதோ விற்றுவிட்டாள், இப்போதிருப்பவர்களுக்குக் குழாய்த் தண்ணீர். அவர்கள் உரிமையைக் கைவிடும் உறுதி எழுதிக் கொடுத்தார்கள், ஒரு சதம் வாங்காமல். கேட்டால்தானே கொடுப்பார்கள்.

சுவர், தரை, கூரை

இனி என் வேலை. சுவர் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, ஒன்றரை அடி தடிப்பு. ஆனால் இடுப்பளவுக்கு உப்புப் பூத்துப் பெயின்ற் உரிந்து கிடந்தது. விற்பதற்காகச் சமீபத்தில் உள்ளுக்குச் சீமெந்து பூசியிருந்தார்கள், அதுதான் நோயைக் கூட்டியது. வாவிக்குப் பக்கத்தில் நிலத்தடி நீர் உயரம், ஈரம் சுவருக்குள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும், சீமெந்து விடாது, ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு செங்கல்லைத் தின்னும். சீமெந்தை உரித்துவிட்டுச் சுண்ணாம்பு பூசச் சொன்னேன். அந்த வேலை தெரிந்த மேசன்மார் குறைந்துவிட்டார்கள், தேடிப் பிடிக்க வேண்டும். புதுச் சுவர் வெள்ளையாக மினுங்குகிற பழைய வீட்டைக் கண்டால் கையை வைத்துத் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று கேட்டால் பூச்சு சுவரைவிட்டுக் கழன்றுவிட்டது.

தரைமட்டம் அதைவிடப் பெரிய தலையிடி. வருசா வருசம் தார்க் காபெட் போட்டுப் போட்டு ஒழுங்கை உயர்ந்துவிட்டது, வீட்டு முற்றம் அப்படியே கிடக்கிறது. மாரி மழையில் தண்ணீர் வெளியிலிருந்து உள்ளுக்கு ஓடும். முகத்துவாரம் மணல் மூடி, வெட்டித் திறக்கும்வரை வாவி வேறு ஏறி நிற்கும். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் அயலவரிடம் 2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்பேன். இங்கே மூன்றாவது படிவரை நின்றதாம், உள்ளுக்கு வரவில்லை. நல்ல செய்தி. முன்னால் வடிகானை ஒட்டி ஒரு அடி உயரத்தில் தடுப்புக் கட்டினோம்.

கூரை வேடிக்கை. சுவர் ஒரு காலம், கூரை இன்னொரு காலம். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி மட்டக்களப்புக் கூரைகளைத் தூக்கி எறிந்தது, அதற்குப் பிறகு கையில் அகப்பட்டதைப் போட்டு மூடியவர்கள் நிறைய. இந்த வீட்டில் முன்பக்கம் ஓடு, பின்பக்கம் அஸ்பெஸ்ரஸ் சீற். கைமரம் பனை, நல்ல வைரம், குசினிப் பக்கம் மட்டும் கறையான். சீற்றைக் கழற்றும்போது உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுக் கழற்றச் சொன்னேன், அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. மணல் நிலம், சின்ன வளவு, எல்லா வீட்டிலும் ஊறும் மலசலக் குழி. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பதடி விடச் சொல்லுவார்கள், ஒன்பது பேர்ச்சில் எங்கே விடுவது? கிணறு கழுவ, குளிக்க, மரத்துக்கு. குடிக்க உன்னிச்சைக் குளத்திலிருந்து வவுணதீவில் சுத்திகரித்து வருகிற குழாய்த் தண்ணீர்.

கட்ட நினைப்பவர்களுக்கு

மேல்மாடி எழுப்பலாமா என்று கணவன் கேட்டார். அத்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காமல் ஆம் என்று சொல்ல மாட்டேன், சுண்ணாம்புச் சுவரின் மேல் கொங்கிறீற் தட்டு வைக்கிறதுக்கு எனக்குத் துணிவில்லை. அனுமதியும் மாநகர சபையோடு முடியாது. கோட்டைக்குக் கிட்ட என்றால் தொல்பொருள் திணைக்களம், வாவியோரம் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். கடலிலிருந்து 300 மீற்றர் கரையோர வலயம் என்று எல்லாருக்கும் தெரியும், கடலோடு தொடர்புள்ள வாவியின் ஓரமும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. வீதி அகலிப்பு எல்லை எங்கே விழுகிறது என்ற சான்றிதழையும் வாங்கும் முன்னமே எடுங்கள். இவர்களுக்கு அது விறாந்தையின் தூணை உரசிக்கொண்டு போகிறது. விறாந்தை இப்போதைக்கு நிற்கும், இடித்தால் திரும்ப அதே இடத்தில் கட்ட விடமாட்டார்கள். அதனாலேயே இடிக்காமல் திருத்துகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. பிரஜாவுரிமை மாறி, இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்காமல் இருந்தால் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் உங்களைத் தடுக்கும். விதிவிலக்குகளும் திருத்தங்களும் உண்டு, முற்பணத்துக்கு முன் சட்டத்தரணி. தம்பி பேரில் வாங்கி வைப்போம் என்ற யோசனை இந்த ஊரில் எத்தனை குடும்பத்தைப் பேச்சில்லாமல் ஆக்கியது என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது பெத்தா பின்வீட்டில் இளைய மகளோடு. உறுதி எழுதிய பிறகும் மூன்று மாதம் முன்வீட்டிலேயே இருக்கலாம் என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள், அவவே முந்திப் போய்விட்டா. லோன் கிடைத்தது 9 பேர்ச்சின் தெளிவான உறுதிக்கு, தவணை கொழும்பு வாடகையைவிடக் கொஞ்சம் கூட. வாகனம் வீட்டு வாசலுக்கு வராது, ஒழுங்கை முகப்பில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். இரண்டு வாகனம் வைத்திருப்பவர், பெரிய முற்றம் வேண்டுபவர், ஆறு மாதத்துக்குள் குடிபோக வேண்டியவர் என்றால் புளியந்தீவை விட்டுவிட்டு நாவற்குடாப் பக்கம் பாருங்கள், அங்கே துண்டும் நேராக இருக்கும், உறுதியும் இவ்வளவு நீளமாக இருக்காது.